காத்திருந்து வரும் வேகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியமும் இசையும் சமயமும் பேசப்படுவதே வழக்கம். அவற்றைப் பேசத் தகுதியுடையோர் பலர் இங்கே வீற்றிருக்க, எஞ்சின்களோடு வாழ்நாளைக் கழித்த என்னை நம் செயலாளர் அழைத்து, "உமக்குத் தெரிந்ததைப் பேசும்" என்று பணித்துவிட்டார். "எனக்குத் தெரிந்தது எண்ணெயும் இரும்பும்தானே" என்றேன். "அந்த எண்ணெயிலும் இரும்பிலும் நீர் மனம் மகிழ்ந்த நாள் ஒன்றேனும் இராதா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடையாகவே இன்று உங்கள்முன் நிற்கிறேன். டர்போ பொருத்திய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்டியதில் நான் அடைந்த மகிழ்ச்சியைப் பற்றியும், அம்மகிழ்ச்சிக்கு நான் கொடுக்க இருந்து தப்பிய விலையைப் பற்றியும் சில சொற்கள் கூற விழைகிறேன்.

டர்போ என்பது யாது? இங்குள்ள பெரியோர் பலரும் அதன் பெயரை அறியாமலே அதன் குரலைக் கேட்டிருக்கிறீர்கள். சென்னையிலிருந்து வடக்கே வரும் ரயில்களை டீசல் எஞ்சின்கள் இழுத்து வந்த காலத்தைச் சற்றே நினைவுகூருங்கள். 1962இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து வரவழைக்கப்பட்டு, 1964 தொடங்கி வாரணாசியிலேயே கட்டப்பட்டவை அந்த 2600 குதிரைத் திறன் எஞ்சின்கள். பச்சைக் கொடி அசைந்ததும் டிரைவர் கைப்பிடியை ஒரு படி ஏற்றுவார். உடனே வண்டி பாய்ந்துவிடாது. கூரையிலிருந்து கரும்புகை திரண்டு எழும், எஞ்சின் முனகும். சிறிது நேரம் கழித்தே சீழ்க்கை போன்ற ஓர் ஊளை மெல்ல மெல்ல உயரும், புகை வெளுக்கும், அதன் பின்னரே முழு இழுப்பும் பெட்டிகளுக்கு வந்து சேரும். வழியனுப்ப வந்தவர் கையசைத்துக்கொண்டே நடந்து வருவதற்கு அந்த இடைவேளை போதுமானதாக இருந்தது.

அக்கரும்புகை எதனால் எழுந்தது? எண்ணெய் முன்னே வந்துவிட்டது. அதை முழுதும் எரிக்க வேண்டிய காற்று இன்னும் வந்து சேரவில்லை. அந்த ஊளை எதனுடையது? காற்றைக் கொண்டுவரும் சக்கரம் விரைவு பெறும் ஓசை. அந்தச் சக்கரமே டர்போ. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே இருந்த அந்தச் சிறு தாமதமே இன்று என் உரையின் பொருள்.

எஞ்சின் என்பது மூச்சு விடும் பொருள். அது எவ்வளவு காற்றை உள்ளிழுக்கிறதோ அவ்வளவு எரிபொருளைத்தான் எரிக்க முடியும். எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வெப்பமாகப் புகையோடு வெளியேறி வீணாகிறது. வீணாகப் போகும் அந்தப் புகையின் வழியில் ஒரு சிறு காற்றாடிச் சக்கரத்தை வைத்தால் அது சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தினால், அது வெளிக்காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும். வீணாவது வேலை செய்கிறது. கையளவே உள்ள அந்தச் சக்கரங்கள் நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுகள்வரை சுழல்கின்றன. புகை படும் பக்கம் செந்தணலாய்க் கனலும். காற்று புகும் பக்கம் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும். இரண்டிற்கும் இடையே உள்ளது ஒரு சாண் நீளமும் இல்லாத ஒரு தண்டும், அதைத் தாங்கி நிற்கும் மெல்லிய எண்ணெய்ப் படலமுமே.

இக்கருத்தைக் கண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியறிஞர் ஆல்பிரட் பூச்சி. 1905ஆம் ஆண்டு அவர் இதற்கு உரிமைப் பட்டயம் வேண்டி விண்ணப்பித்தார். ஆனால் எஞ்சினின் திறனை உண்மையாகவே பெரிதும் கூட்டிக் காட்டும் நிலையை அவர் எட்டியது 1925இல். கண்டவருக்கே இருபது ஆண்டுகள் காத்திருப்பு! டர்போவின் தாமதம் அது பிறக்கும்போதே தொடங்கிவிட்டது என்று எங்கள் தொழிலில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இதற்கிடையே, மேலே செல்லச் செல்லக் காற்று மெலிவதால் விமான எஞ்சின்கள் வலுவிழந்தன. அக்குறையைத் தீர்க்க அமெரிக்கரான சான்போர்ட் மாஸ் 1918இல் ஓர் எஞ்சினையும் டர்போவையும் கொலராடோவில் 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கே ஏற்றிச் சென்று சோதித்து வெற்றி கண்டார்.

கப்பலுக்கும் விமானத்திற்கும் லாரிக்கும் பயன்பட்ட இக்கருவி, மக்கள் விலைக்கு வாங்கும் காருக்குள் நுழைந்தது 1962இல்தான். அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர், செவர்லே கார்வேர் என்னும் இரண்டு கார்களும் அவ்வாண்டு வெளிவந்தன. ஜெட்பயரில் எஞ்சின் கொதித்து முட்டாமல் இருக்க, நீரும் மெதில் ஆல்கஹாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் நிரப்ப வேண்டியிருந்தது. வாங்கியவர் பலர் நிரப்ப மறந்தனர். மறதி மிகுந்த இடத்தில் அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. ஐரோப்பாவில் 1973இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2002 டர்போவை வெளியிட்டது. இரண்டு லிட்டர் எஞ்சின். 170 குதிரைத் திறன். அதே ஆண்டின் இறுதியில் உலகெங்கும் பெட்ரோல் பஞ்சம் வந்தது. 1,672 கார்களோடு அதன் கதை முடிந்தது.

அத்தகைய பஞ்ச காலத்திலேதான், 1974 அக்டோபரில், பாரிஸ் கண்காட்சியில் போர்ஷே நிறுவனம் 911 டர்போவைக் கொண்டுவந்து நிறுத்தியது. பந்தயக் களத்தில் அவர்கள் கற்ற பாடம் அது. 1973இல் அவர்களுடைய 917/30 என்னும் பந்தயக் கார், டர்போவின் துணையால் 1,100 குதிரைத் திறன் காட்டி அமெரிக்காவின் கேன்-ஆம் பந்தயத் தொடரையே தனதாக்கிக்கொண்டிருந்தது. அந்த நெருப்பில் ஒரு துண்டை எடுத்துத் தெருவில் ஓடும் காருக்குள் வைத்தார்கள். இங்குள்ள தாய்மார்களுக்கு ஒரு செய்தி: அவ்வகையில் முதலில் செய்யப்பட்ட கார், நிறுவனரின் மகளார் லூயிஸ் பியெக் அம்மையாருக்கு 1974இல் அவருடைய 70ஆம் பிறந்தநாள் பரிசாக அளிக்கப்பட்டது. எழுபதாம் வயதில் பேரன் பேத்திகள் சால்வை போர்த்தி அமரவைக்கும் பருவத்தில் அவருக்குக் கிடைத்த பரிசு அது!

முதலில் மூன்று லிட்டர் எஞ்சினும் 260 குதிரைத் திறனும் கொண்டு வந்த அந்தக் கார், 1978 மாதிரியிலிருந்து 3.3 லிட்டரும் 300 குதிரைத் திறனும் உடையதாயிற்று. எடை ஏறத்தாழ 1,300 கிலோ. எஞ்சின் பின் சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிறது. பின்புறத்தில் தேநீர்த் தட்டைக் கவிழ்த்து வைத்தாற்போல் ஓர் அகன்ற இறகு. அதன் அடியில், டர்போ திணிக்கும் காற்றைக் குளிர்விக்கும் கருவி. கியர்கள் நான்கே. 1989இல், அதாவது அவ்வகைக் கார்கள் வெளிவந்த கடைசி ஆண்டில்தான், ஐந்தாவது கியர் சேர்ந்தது. மனைவியரைக் கைம்பெண்களாக்கும் வண்டி என்று அதற்கு ஒரு கொடிய பட்டப்பெயரும் உண்டு. அப்பெயர் ஏன் வந்தது என்பதை நான் நேரில் கற்றேன்.

2009ஆம் ஆண்டு, நான் பணிபுரிந்த நிறுவனம் என்னை ஆறு மாதப் பயிற்சிக்காக ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகருக்கு அனுப்பியது. நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் முதியவர். ஒரு பட்டறையில் கருவிகள் செய்யும் தொழிலாளியாக நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். செல்வர் அல்லர். பிள்ளைகள் தலையெடுத்த பின்னர், சேமிப்பையெல்லாம் திரட்டி, பிறர் ஓட்டிக் களைத்து விற்ற 1979ஆம் ஆண்டு 911 டர்போ ஒன்றை வாங்கித் தம் கையாலேயே செப்பனிட்டு வைத்திருந்தார். நானும் எஞ்சின் தொழிலைச் சேர்ந்தவன் என்று அறிந்ததும், என்னைக் கொட்டகைக்கு அழைத்துச் சென்று துணியை விலக்கிக் காட்டினார். ஓட்டிப் பார்க்கும் ஆசை என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "ஒரு மாதம் என் பக்கத்தில் அமர்ந்து வாரும். பிறகு பார்க்கலாம்" என்றார்.

ஞாயிறுதோறும் அவருடன் சென்றேன். ஸ்டட்கார்ட்டிலிருந்து பிராய்டன்ஸ்டாட் ஊர்வரை ஒரு பயணம்; அங்கிருந்து கருங்காட்டு மலைமுகட்டின் மேலே பாடன்-பாடன் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை. இருபுறமும் ஊசியிலை மரங்கள் நெருங்கி நிற்கும். இடையிடையே மரங்கள் விலகி, மேற்கே ரைன் சமவெளி நீலமாய் விரியும். முதியவர் ஓட்டியபோது வண்டி பந்தயக் கார்போல் எனக்குத் தோன்றவே இல்லை. ஓடும் ஆற்றில் இறங்கிய ஓடம்போல் வளைவுக்கு வளைவு வழுவிச் சென்றது. இவ்வளவு எளிதா என்று நான் எண்ணினேன். என் அறியாமை அங்கே தொடங்கியது.

ஐந்தாம் ஞாயிறு சாவியை என் கையில் தந்தார். அந்தக் காரில் சாவித் துளை சுக்கானுக்கு இடப்புறம் இருக்கும். மிதிகள் மேலிருந்து தொங்காமல் தரையிலிருந்து முளைத்து நிற்கும். காற்றாலேயே குளிரும் எஞ்சினாதலால், முதுகுக்குப் பின்னே ஒரு பெரிய விசிறியின் இரைச்சல் ஓயாது. சுழற்சி காட்டும் வட்டின் அடிப்பகுதியில் காற்றின் அழுத்தம் காட்டும் ஒரு சிறு முள் உண்டு. "சாலையைப் பாரும், ஆனால் அந்த முள்ளை மறவாதீர்" என்றார்.

நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள்வரை அது ஒரு சாதாரணக் கார். உண்மையில் சாதாரணக் காரினும் மந்தமானது; ஏனெனில், டர்போ திணிக்கும் காற்றைத் தாங்கும்பொருட்டு எஞ்சினின் உள்ளழுத்த விகிதத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறோம். ஒன்றும் நேரவில்லை. ஒரு விநாடி கழிகிறது. இன்னும் சிறிது கழிகிறது. பின்னர் எங்கோ தொலைவில் ஒரு சீழ்க்கை கேட்கிறது. நம்மூர் ரயில் எஞ்சினில் கேட்ட அதே சீழ்க்கை! முள் எழுகிறது. முதுகில் ஒரு பெரிய கை வந்து பொருந்துகிறது. பிடித்துத் தள்ளுவதில்லை, ஏந்திச் செல்கிறது. சாலை நம்மை நோக்கி ஓடிவருகிறது. அந்தக் கணத்தில் நான் சிறு பிள்ளையைப்போல் வாய்விட்டுச் சிரித்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அப்போது எனக்கு வயது நாற்பத்து நான்கு.

சிரிப்பு அரை மணி நேரம் நீடித்தது. காலையில் பெய்த மழை மரநிழலில் காயாமல் இருந்த ஒரு வலப்பக்க வளைவு வந்தது. வளைவின் நடுவிலேயே, வண்டி மந்தமாக இருக்கிறதே என்று ஆக்ஸிலரேட்டரை ஆழ மிதித்தேன். ஒன்றும் நேரவில்லை. இன்னும் மிதித்தேன். அப்போது டர்போ விழித்தது. நான் வேண்டாத இடத்தில், வேண்டாத அளவில், முழு வலிமையும் ஒருங்கே வந்தது. அச்சம் மேலிட்டுக் காலை முற்றிலும் எடுத்துவிட்டேன். "எடுக்காதீர்!" என்று அவர் கூறியது என் காதில் விழுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. காலை எடுத்ததும் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்ந்தது. பின் சக்கரங்களின் பிடி தளர்ந்தது. பின்னே தொங்கிய எஞ்சின் கடிகார ஊசலின் குண்டுபோல் வெளியே வீசியது. மரங்கள் கண்ணாடியின் குறுக்கே ஓடின. வந்த வழியையே நோக்கியவாறு, எதிர்ப்பக்கத்துப் புல் விளிம்பில் வண்டி நின்றது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. வந்திருந்தால், இன்று இச்சொற்பொழிவு இல்லை.

அன்பர்களே, அந்த அமைதியில் என் நினைவுக்கு வந்தது இந்நகரில் நான் விட்டுச் சென்ற இல்லம். என் துணைவியாரும் பள்ளிச் சிறாராயிருந்த இரு பிள்ளைகளும் அப்போது இங்கே இருந்தனர். அன்றிரவு தொலைபேசியில், "ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கழிந்தது?" என்று அவர் கேட்டபோது, "மலைப்பக்கம் போய்வந்தேன், காற்று நன்றாயிருந்தது" என்றேன். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் துணைவியார் முழுக் கதையையும் இன்றுதான் கேட்கிறார். கூட்டம் முடிந்தபின் எனக்குத் துணையாக இரண்டு பேர் வீடுவரை வந்தால் நன்றியுடையேன்.

முதியவர் கீழே இறங்கினார். நான்கு சக்கரங்களையும் சுற்றிவந்து பார்த்தார். தம் வாழ்நாள் சேமிப்பு, மரத்திலிருந்து நாலு முழத் தொலைவில் நின்றுகொண்டிருந்தது. என்னை அவர் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. திரும்பி வந்து அமர்ந்து, மெதுவாகக் கூறினார்: "வண்டி பிழை செய்யவில்லை. இரண்டு விநாடிக்கு முன்னால் நீர் ஒன்றைக் கேட்டீர். அது அதைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தது. அதற்குள் கேட்டதை நீர் மறந்துவிட்டீர்." பிறகு, "ஓட்டும்" என்றார். என் கை நடுங்குவதைக் காட்டினேன். "அதனால்தான் ஓட்டச் சொல்கிறேன். இன்று இறங்கினால் இனி எப்போதும் ஏற மாட்டீர்" என்றார்.

அதன்பின் மூன்று மாதங்கள் அவர் எனக்குக் கற்பித்தவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். வளைவுக்கு முன்னரே, வண்டி நேராக இருக்கும்போதே, பிரேக்கைப் பிடித்து முடித்துவிட வேண்டும். கியரைத் தாழ்த்தி, சுழற்சியை 3,500க்குக் கீழே விழாமல் காக்க வேண்டும். வளைவுக்குள் மெல்ல நுழைய வேண்டும். வளைவின் உச்சி வருவதற்கு முன்பே ஆக்ஸிலரேட்டரைச் சிறிது சிறிதாக மிதிக்கத் தொடங்க வேண்டும். அப்போதுதான் வண்டி நேராகும் கணமும் டர்போ விழிக்கும் கணமும் ஒன்றாக அமையும். எதற்காகவும் வளைவின் நடுவில் காலைத் திடுமென எடுக்கக் கூடாது. எடுக்க நேரும் என்று தோன்றினால், அவ்வளவு வேகத்தில் அங்கே நுழைந்ததே தவறு.

இவை எல்லாவற்றிற்கும் அடிப்படை ஒன்றே: இந்தக் காரில் நாம் இப்போது இருக்கும் இடத்தை ஓட்டுவதில்லை, இன்னும் இரண்டு விநாடியில் இருக்கப்போகும் இடத்தை ஓட்டுகிறோம். இன்றைய செயலுக்கு உரிய பயன் சற்றுப் பின்னரே வரும். வரும்போது அதை ஏற்கும் நிலையில் நாம் இருக்க வேண்டும். அவ்வாறு நூறு வளைவுகளில் ஒரு வளைவு சரியாக அமைந்துவிட்டால், மிதித்த காலும் திரும்பிய கையும் எழுந்த சீழ்க்கையும் நிமிர்ந்த சாலையும் ஒரே கணத்தில் கூடிவிடும். தாளத்தில் நெடுநேரம் சுற்றிவந்த மிருதங்கம் சமத்தில் வந்து விழும்போது நம்மை அறியாமல் தலை அசைகிறதே, அந்த இன்பம் அது. அதற்கு மணிக்கு 260 கிலோ மீட்டர் வேகம் வேண்டியதில்லை. அந்த நாட்டுச் சாலைகளில் ஊர்களுக்கு வெளியே பொது எல்லை 100 கிலோ மீட்டர். அம்மலைச் சாலையில் பல இடங்களில் அதனினும் குறைவு. இரண்டாம் கியரிலேயே 130ஐத் தாண்டவல்ல வண்டியை 70இல் ஓட்டியபோதும் அந்த இன்பத்தில் குறைவில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பெட்ரோலை விழுங்கும் செல்வர் விளையாட்டுப் பொருளைத் தமிழ்ச் சங்கத்தில் புகழலாமா என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆயினும் டர்போவின் வரலாறு அதற்கு விடை கூறுகிறது. வீணாகும் வெப்பத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதே பூச்சியின் நோக்கம். சிக்கனத்தின் வயிற்றில் பிறந்த குழந்தை அது. இன்று நம் தெருவில் ஓடும் ஒரு லிட்டர் பெட்ரோல் கார்கள் பலவற்றிலும், ஏறக்குறைய எல்லா டீசல் கார்களிலும், சரக்கு லாரிகளிலும் அது இருக்கிறது. ரெனோ நிறுவனம் 1977இல் ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சினோடு பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கியபோது, அடிக்கடி புகைவிட்டு நின்றதால் அதை மஞ்சள் தேநீர்க் கெண்டி என்று எள்ளினார்கள். 1979இல் பிரான்சின் டிஜோன் நகரில் அது முதலிடம் பெற்றதும் எள்ளியவர் எல்லாரும் தாமும் டர்போ தேடினார்கள். ஔடி குவாட்ரோ என்னும் டர்போ காரை ஓட்டிப் பிரான்சின் மிஷேல் மூத்தோன் அம்மையார் 1981இல் இத்தாலியின் சான்ரெமோ பந்தயத்தில் வென்று, உலக ராலிப் போட்டி ஒன்றில் வாகை சூடிய முதல் பெண்மணி ஆனார். செல்வர் கொட்டகையில் மட்டும் அடங்கிய கதை அன்று இது.

இன்றைய டர்போக்களில் அந்தத் தாமதம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. சக்கரங்கள் சிறுத்து இலேசாயின. கணிப்பொறி காற்றையும் எரிபொருளையும் நொடிக்கு நொடி அளந்து தருகிறது. 2024இல் அதே 911 வரிசையில், மின்சாரத்தாலேயே சுழலத் தொடங்கும் டர்போ ஒன்று வந்துவிட்டது. மின்சாரக் கார்களிலோ மிதித்த கணமே பாய்ச்சல். இவை பெரிய முன்னேற்றங்கள், உயிர்களைக் காப்பவை. பழையது நல்லது, புதியது தீயது என்று நான் கூற வரவில்லை. என் பிள்ளைகள் புதிய காரில் செல்வதையே நான் விரும்புகிறேன். ஆனால் கேட்டது உடனே கிடைக்கும் வண்டியில், கேட்டதை நினைவில் வைத்திருக்கும் கடமை ஓட்டுபவருக்கு இல்லை. பழைய வண்டியில் அக்கடமை உண்டு. அக்கடமையை நிறைவேற்றியவர்க்கே அந்த மகிழ்ச்சியும் உண்டு.

அக்டோபர் மாதம் நான் நாடு திரும்பும் நாள் நெருங்கியது. கடைசி ஞாயிறு முதியவர் என்னையே ஓட்டச் சொன்னார். பாதி வழியில் மும்மல் ஏரியின் அருகே நிறுத்தினோம். அப்போதுதான், காரை விற்க முடிவு செய்துவிட்டதாகக் கூறினார். எனக்கு அதிர்ச்சியாயிருந்தது. "எஞ்சினில் ஏதேனும் கோளாறா?" என்று பேதைபோல் கேட்டேன். அவர் தம் வலக்காலைத் தட்டிக் காட்டினார். "எஞ்சினின் தாமதம் முப்பது ஆண்டுகளாக மாறவில்லை. அதற்கு ஏற்ப நான் காலைப் பழக்கி வைத்திருந்தேன். இப்போது காலும் தாமதிக்கிறது. இரண்டு தாமதங்கள் ஒரு வண்டிக்குள் இருக்கக் கூடாது" என்றார். அவருக்கு அப்போது எழுபத்தாறு வயது. அவர் குரலில் வருத்தம் இருந்தது, தயக்கம் இல்லை. முதல் ஞாயிறுகளில் ஓடத்தைப்போல் வழுவிச் சென்ற அந்த ஓட்டம் எவ்வளவு கணக்கிட்டது என்பதும், அந்தக் கணக்கில் தம் முதுமையையும் அவர் விடாமல் சேர்த்துவந்தார் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கின. அந்த ஈரமான வளைவுக்குப் பின்னரும் அவர் என்னை ஓட்டவைத்தது ஏன் என்பதும் விளங்கிற்று. தம் காலில் இருந்த கல்வியை வேறொரு காலுக்கு மாற்றித் தர அவருக்கு அதுவே கடைசிக் கோடையாக இருந்தது.

வீட்டை அடைந்ததும் பழக்கத்தால் சாவியைத் திருப்பக் கை நீட்டினேன். அவர் தடுத்தார். பழைய டர்போ கார்களை, கடுமையாக ஓட்டிவந்தவுடன் அணைத்துவிடக் கூடாது. சக்கரம் கனன்றுகொண்டிருக்கும், எஞ்சின் நின்றால் எண்ணெய் ஓட்டமும் நின்று, தண்டைத் தாங்கும் படலம் கருகிக் கரியாகிவிடும். ஆதலால் ஓரிரு நிமிடம் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, சூடு தணிந்தபின்பே நிறுத்த வேண்டும். அந்த இரண்டு நிமிடமும் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் காருக்குள் அமர்ந்திருந்தோம். பின்பு தலையசைத்தார், நான் சாவியைத் திருப்பினேன்.

வந்த ஊரில் வேரூன்றி வாழும் நமக்கு இக்கதை புதிதன்று. இங்கு வந்து இறங்கிய நாளில் நாம் மிதித்த மிதிக்கு உடனே பயன் கிடைக்கவில்லை. பல ஆண்டு புகை மட்டுமே எழுந்தது. இன்று பயன் வந்துகொண்டிருக்கிறது. நாம் கேட்டது என்ன என்பதை மறவாமல் இருப்போமானால், வரும் வேகம் நம்மைச் சாலைக்கு வெளியே தள்ளாது. இதை இங்குள்ள இளைஞர்களுக்குச் சொல்லவே இவ்வளவு தூரம் உங்களைக் கருங்காட்டு மலைக்கு அழைத்துச் சென்றேன்.

என் உரையும் சற்று நீண்டு, சூடேறிவிட்டது. இனி அணைத்துவிடலாம் என்று தலைவர் தலையசைக்கிறார்.